ஜவ்வு கிழிஞ்சிடுச்சுன்னா எந்த ஜவ்வு? முட்டி, முழங்கை பக்கவாட்டு லிகமென்ட் பத்தி எளிமையா

எங்க கடலூர் பக்கம் முட்டியில எது நடந்தாலும் ரெண்டே வார்த்தைதான், ஒன்னு சுளுக்கு, இன்னொன்னு ஜவ்வு. வீங்காம வலிச்சா சுளுக்கு, வீங்கி வலிச்சா ஜவ்வு கிழிஞ்சிடுச்சு, அறுபது வயசுக்கு மேல வலிச்சா ஜவ்வு தேஞ்சிடுச்சு. நான் பிசியோதெரபி பாக்கறேன், காலைல கதவு தொறந்து முதல் ஆள் வந்து உக்காரும்போதே இந்த ரெண்டுல ஒன்னு காதுல விழுந்துரும். வலியில இருக்கறவங்களுக்கு பேரு முக்கியம் இல்லதான், ஆனா அந்த ஒரே வார்த்தைக்குள்ள நாலஞ்சு வேற வேற சாமான் இருக்கு, ஒவ்வொன்னும் ஆறுற விதமும் வேற. ஒன்னு பாதுகாப்பா வச்சிருந்தா தானா ஆறிடும், இன்னொன்ன அப்படி விட்டா கால் தூக்க முடியாம போயிடலாம், இன்னொன்ன ரொம்ப நாள் அசைக்காம கட்டிப் போட்டா மரக்கட்டையா நின்னுடும். எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய், ஒரே கட்டு, ஒரே நீவல்னு போனா என்ன ஆகும்னு என் இடது கையே சாட்சி, அத முழங்கை வரும்போது சொல்றேன்.

முதல்ல லிகமென்ட்னா என்னன்னு பாத்துடலாம். தேவனாம்பட்டினம் கரையில இப்ப ஃபைபர் போட்தான் அதிகம், ஆனா கட்டுமரம் பாத்தவங்களுக்குத் தெரியும், கட்டைங்கள ஆணி அடிச்சு சேத்திருக்க மாட்டாங்க, கயித்தால இறுக்கிக் கட்டியிருப்பாங்க, அலை தூக்கிப் போடும்போது கட்டை லேசா அசையும், ஆனா பிரியாது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல அந்தக் கயிறு வேலைய பாக்கறதுதான் லிகமென்ட். சதைய எலும்போட கட்டுறது வேற, அதுக்கு டெண்டன்னு பேரு, அது சதை சுருங்கும்போது இழுக்கும். லிகமென்ட் தானா எதையும் இழுக்காது, போகக்கூடாத பக்கம் எலும்பு போகும்போது தடுக்கும், அதான் அதோட வேலை. முட்டிக்குள்ள மெத்தை மாதிரி பிறை வடிவத்துல ரெண்டு இருக்கு, அது மெனிஸ்கஸ், எலும்பு மேல வழவழன்னு பூசின மாதிரி இருக்கறது கார்டிலேஜ். இந்த நாலையும் சேத்துதான் நம்ம ஆளுங்க ஜவ்வுங்கறாங்க.

முட்டியும் முழங்கையும் கதவு கீல் மாதிரி. மடக்கலாம் நீட்டலாம், பக்கவாட்டுல சாயக்கூடாது. அந்தப் பக்கச் சாய்வ தடுக்கத்தான் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டு, அதுக்குப் பேருதான் கொலாட்டரல் லிகமென்ட்.

இத படிக்கும்போதே ஒரு வேலை செய்ங்க. நாற்காலியில உக்காந்து வலது கணுக்கால தூக்கி இடது முட்டி மேல போடுங்க, கால் மேல கால் போடுறதுல அகலமா போடுவோமே அந்த மாதிரி, வலது முட்டி வெளிப்பக்கமா நல்லா சாயட்டும். இப்ப வலது முட்டியோட வெளிப்பக்கம், முட்டி மடிப்புக்கு கொஞ்சம் கீழ விரல வச்சுத் தேடினா உருண்டையா ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அது ஃபிபுலாங்கற, கெண்டைக்காலோட வெளிப்பக்க மெல்லிசு எலும்போட தலை. அதுலேந்து மேல, தொடை எலும்பு பக்கமா விரல நகத்துனா விறைப்பா ஒரு நாண், பென்சில் தடிமன்ல, அழுத்தினா வீணைக் கம்பி மாதிரி துள்ளும். அதான் வெளிப்பக்க லிகமென்ட், எல்.சி.எல். கால இறக்கி நேரா நீட்டிட்டு தேடுங்க, அவ்வளவு சுலபத்துல கிடைக்காது. உடம்புக்குள்ள இருக்கற லிகமென்ட்ல விரலால தொட்டு, இதுதான்னு சொல்ல முடியற மாதிரி இருக்கறது ரொம்ப கொஞ்சம், அதுல இது ஒன்னு, நான் வர்ற பசங்க எல்லாருக்கும் முதல்ல இத தொட்டுக் காட்டிட்டுத்தான் மத்தத பேசுவேன்.

உள்பக்கம் இருக்கற எம்.சி.எல் அப்படி நாண் மாதிரி இருக்காது, பட்டையா, நாடா மாதிரி, கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் நீளம். தொடை எலும்போட உள்பக்க மேட்டுல தொடங்கி முட்டி மடிப்பத் தாண்டி கீழ இறங்கி, டிபியாங்கற கீழ்க்காலோட பெரிய எலும்புல நாலு விரக்கடை கீழ போய் ஒட்டும். அதனாலதான் முட்டிக்குக் கீழ வலிக்குது, முட்டியில ஒன்னும் இல்லன்னு சிலர் சொல்றது, அடி வாங்கினது கீழ ஒட்டுற எடமா இருக்கும். இதுல ரெண்டு அடுக்கு உண்டு, மேல் அடுக்கு நீளம், அடி அடுக்கு குட்டையா இருக்கும், உள்பக்க மெனிஸ்கஸோட ஒட்டிகிட்டு. வெளிப்பக்க நாண் மெனிஸ்கஸ தொடாம தனியா நிக்குது, நடுவுல ஒரு டெண்டன் புகுந்து போகுது. எம்.சி.எல் பலமா கிழியும்போது சிலருக்கு மெனிஸ்கஸும் சேந்து மாட்டிக்கறதுக்கு அந்த ஒட்டு ஒரு காரணம்.

இப்ப அடி எப்படிப் படுதுன்னு பாப்போம். பொங்கல் சமயத்துல இந்தப் பக்கம் கபடி இல்லாத ஊரே கிடையாது. ரெய்டு போன பையன் போனஸ் கோடு பக்கம் கால வைக்கிறான், கார்னர்ல நின்னவன் பாஞ்சு கணுக்கால புடிச்சுட்டான், கால் தரையில பூட்டுன மாதிரி நிக்குது, அதே நொடியில கவர்ல இருந்தவன் பக்கத்துலேந்து வந்து தோளால இடிக்கிறான், இடி விழுறது முட்டியோட வெளிப்பக்கம். முட்டி உள்பக்கமா மடங்குது. நம்ம ஊர்ல நடக்கும்போது ரெண்டு முட்டியும் ஒன்னோட ஒன்னு இடிச்சா முட்டி தட்டுதுன்னு சொல்வோமே, அந்த வாக்குல ஒரு கால் மட்டும் வேகமா போகுது. இடி வெளிப்பக்கம், ஆனா பிளந்துக்கறது உள்பக்கம். வெளிப்பக்கம் அழுந்தும், உள்பக்கம் வாய் தொறக்கும், தொறக்கிற பக்கத்து கயிறுதான் அறும். இந்த ஒரு கணக்கு புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி, ஏன்னா அடிபட்ட எடத்துல எண்ணெய் தேச்சுகிட்டு, தம்பி அடி இங்கதான் பட்டுச்சு, ஆனா வலி அந்தப் பக்கம் இருக்குதுன்னு குழம்புற பெத்தவங்க நிறைய பேர்.

வெளிப்பக்க நாண் அறுறதுக்கு இதுக்கு நேர் எதிரா அடி வரணும், உள்பக்கத்துலேந்து, முட்டி வில் மாதிரி வெளியில வளையற மாதிரி. இன்னொரு கால் நடுவுல இருக்கறதால உள்பக்கத்துக்கு அடி வர்ற வாய்ப்பு குறைவு, அதனால எம்.சி.எல் அடிதான் அதிகம், எல்.சி.எல் அரிது. ஆனா அரிதா வர்றதுதான் ஆபத்தானது. அது தனியா அறுறது அதவிட அரிது, முட்டியோட பின் வெளிமூலையில இருக்கற மத்த கட்டையும், நடுவுல குறுக்கா போற க்ரூசியேட் லிகமென்ட்டையும் சேத்து இழுத்துட்டு போயிடும். நான் மேல தொடச் சொன்ன எலும்பு முண்டுக்கு சரியா கீழ, அந்த ஃபிபுலா எலும்போட கழுத்த சுத்தி ஒரு நரம்பு போகுது, பாதத்த மேல தூக்கற நரம்பு அது. நாண் அறும்போது அதுவும் இழுபட்டுச்சுன்னா பாதம் தொங்கும், நடக்கும்போது செருப்பு கழண்டு கழண்டு விழும், பெருவிரல மேல தூக்க சொன்னா தூக்க வராது. முட்டியில வெளிப்பக்கம் வலின்னு யார் வந்தாலும் நான் முட்டிய தொடுறதுக்கு முன்ன கால் கட்டை விரல மேல தூக்குங்கன்னுதான் கேப்பேன்.

டாக்டர் கையால ஆட்டிப் பாக்கறாரே, அது என்னன்னு பல பேருக்கு பயம், இன்னும் கிழிச்சுடுவாரோன்னு. முட்டிய லேசா, 30 டிகிரி மடக்கி வச்சு பக்கவாட்டுல சாய்ச்சு பாப்பாங்க, அப்புறம் நேரா நீட்டி அதையே செய்வாங்க, நல்ல காலையும் அதே மாதிரி பாத்துட்டு ஒப்பிடுவாங்க. ஏன் ரெண்டு தடவைன்னா, கால் நேரா இருக்கும்போது பின்பக்க உறையும் உள்ள இருக்கற க்ரூசியேட்டும் இறுகி நின்னு முட்டுக் கொடுக்கும், எம்.சி.எல் அறுந்திருந்தாலும் மறைச்சுடும். லேசா மடக்கினா அதெல்லாம் தளந்துடும், அப்ப பக்கத்து கயிறு தனியா மாட்டும். 30 டிகிரியில மட்டும் தொறக்குதுன்னா பக்கவாட்டு லிகமென்ட் மட்டும் போயிருக்கு, நேரா இருக்கும்போதும் தொறக்குதுன்னா விஷயம் பெருசு, உள்ள வேற கட்டும் போயிருக்கு. வலிக்குது ஆனா தொறக்கலன்னா கிரேடு 1, கொஞ்சம் தொறந்து சட்டுனு ஒரு எடத்துல நிக்குதுன்னா கிரேடு 2, நிக்கற எடமே இல்லாம தொறக்குதுன்னா கிரேடு 3, பொதுவா 10 மில்லிமீட்டருக்கு மேல. முழுசா அறுந்தவனுக்கு பாதி அறுந்தவன விட வலி கம்மியா இருக்கலாம், இழுத்து வலிக்கறதுக்கு அங்க நார் மிச்சம் இல்லையே. அதனால வலி குறைஞ்சிடுச்சுன்னு மறுநாளே ஆட இறங்கறத நம்பாதீங்க, தள்ளாட்டம் இருக்கான்னு பாருங்க.

வீக்கம் பாக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எம்.சி.எல் மூட்டோட பைக்கு வெளியில இருக்கறது, அதனால அது மட்டும் போனா உள்பக்கம் ஒரு எடத்துல மட்டும் தடிப்பா வீங்கும், தொட்டா அங்கதான் வலிக்கும். அடிபட்ட ஒன்னு ரெண்டு மணி நேரத்துல முட்டி மொத்தமும் உருண்டையா, கின்னுனு உப்பிடுச்சுன்னா மூட்டுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அது ஏ.சி.எல்லாவோ, அதாவது முன்பக்க க்ரூசியேட் லிகமென்ட்டாவோ, எலும்பு விரிசலாவோ இருக்கலாம், தள்ளிப் போடாதீங்க. எக்ஸ்ரே யாருக்கு உடனே வேணும்னு ஒட்டாவா விதின்னு ஒன்னு இருக்கு, உலகம் பூரா எமர்ஜென்சியில அத வச்சுதான் பாக்கறாங்க: 55 வயசும் அதுக்கு மேலயும், நான் சொன்ன ஃபிபுலா முண்டுல அழுத்தினா வலி, முட்டிச்சில்லுல மட்டும் வலி, 90 டிகிரி மடக்க முடியல, அடிபட்டப்பவும் ஆஸ்பத்திரியிலயும் 4 அடி எடுத்து வைக்க முடியல, இதுல ஒன்னு இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கணும். எக்ஸ்ரேல லிகமென்ட் தெரியாது, எலும்பு ஒடைஞ்சிருக்கான்னுதான் தெரியும், எக்ஸ்ரே நல்லா இருக்கு அதனால ஒன்னும் இல்லன்னு வீட்டுக்கு வந்துடறது நான் அடிக்கடி பாக்கற தப்பு. பலமான அடிக்கு அப்புறம் பாதம் சில்லுனு வெளுத்துப் போச்சுன்னா, மரத்துப் போச்சுன்னா எதையும் யோசிக்காதீங்க, முட்டிக்குப் பின்னாடி போற ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள்ள ரத்த ஓட்டம் திரும்பலன்னா காலே போற நிலைமை வரும், நேரா பெரிய ஆஸ்பத்திரி, ஜிப்மர் மாதிரி எடம்.

சரி, எப்படி ஆறும்? எம்.சி.எல் விஷயத்துல நல்ல சேதி. அது மூட்டு நீருக்கு வெளிய, ரத்த ஓட்டம் உள்ள சதைக்கு நடுவுல இருக்கறதால அறுந்த எடத்துல ரத்தம் கட்டி, அது மேல புது நார் படர்ந்து ஒட்டிக்கும். ஏ.சி.எல்லுக்கு அந்த வசதி கிடையாது, அது மூட்டு நீருக்குள்ள கிடக்குது, ரத்தக்கட்டி நிக்கவே நிக்காது. முன்னெல்லாம் முழுசா அறுந்த எம்.சி.எல்ல தொறந்து தைப்பாங்க. 1983ல இண்டெலிகாட்டோன்னு ஒரு அமெரிக்க டாக்டர், முழுசா அறுந்தாலும் மத்த லிகமென்ட் நல்லா இருந்தா தைக்காமலே பிரேஸ் போட்டு அதே அளவு நல்லா ஆறுதுன்னு காட்டினார், அதுலேந்து தனியா எம்.சி.எல் போனவங்களுக்கு கத்தி வைக்கறது அரிதாயிடுச்சு. ஒரு விதிவிலக்கு, கீழ ஒட்டுற முனை பிச்சுகிட்டு பக்கத்துல போற டெண்டன்களுக்கு மேல மடிஞ்சு மாட்டிகிட்டா அது திரும்ப எலும்ப தொடவே முடியாது, அதுக்கு ஆபரேஷன்தான், எம்.ஆர்.ஐல தெரிஞ்சிடும். வெளிப்பக்கம் கிரேடு 3 அப்படி இல்ல, அது தானா நல்லா ஒட்டாது, முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் முடிவு எடுத்தா பலன் நல்லா இருக்கும்ங்கறதால நாள் கடத்தவே கூடாது.

போன வருஷம் காலேஜ் படிக்கிற ஒரு பையன் கிரேடு 3 எம்.சி.எல்லோட வந்தான், கபடி கார்னர். கீல் வச்ச பிரேஸ் போட்டோம், ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவுல கீல், மடக்க நீட்ட விடும், பக்கத்துல சாய விடாது. அவங்க அம்மா, "எதுக்கு சார் அசைய விடறீங்க, கட்டு போட்டு அப்படியே வச்சா சீக்கிரம் ஆறும் இல்ல?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, எலும்பு ஒடைஞ்சா நாம அதான செய்யறோம். ஆனா லிகமென்ட் ஆறும்போது புது நார் தாறுமாறா, கலைஞ்ச வைக்கோல் மாதிரிதான் முதல்ல படியும். லேசா இழுவை வந்துகிட்டே இருந்தாதான் அது இழுவை போற திசையில அடுக்கி நிக்கும். முயல் கால 9 வாரம் அசைக்காம கட்டி வச்சுப் பாத்த ஆராய்ச்சியில, அடியே படாத நல்ல எம்.சி.எல்லோட பலமே மூணுல ஒரு பங்கா கொறைஞ்சு போச்சு. இத சொன்னதும் அந்தம்மா, "அப்ப சைக்கிள் ஓட்டலாமா?"ன்னு கேட்டாங்க, ஓட்டலாம், நிக்க வச்ச சைக்கிள், மூணாவது வாரத்துலேந்து. பத்தாவது வாரம் ஒத்தக் கால்ல தாவி நின்னான், முட்டி உள்ள சாயல, அதுக்கு அப்புறம்தான் பக்கவாட்டு ஓட்டம்.

கிரேடு 1னா ஒன்னுலேந்து மூணு வாரம், 2னா நாலு ஆறு வாரம், 3னா எட்டுலேந்து பன்னெண்டு வாரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். உள்பக்கம் போனவங்க தவளை நீச்சல் அடிக்காதீங்க, கால விரிச்சு உதைக்கும்போது முட்டி உள்பக்கம்தான் பிளக்கும், நீச்சல்காரங்களுக்கு அதனாலயே உள்முட்டி வலி வர்றது உண்டு. வெளிப்பக்கம் போனவங்க சம்மணம் போடாதீங்க, மேல தொட்டுப் பாத்தீங்களே, அந்த ஆசனத்துலதான் நாண் விறைக்குது. முதல் ரெண்டு நாள் ஐஸ் வைக்கலாம், துண்டுல சுத்தி கால் மணி நேரம். துறைமுகத்துல வேலை பாக்கற பசங்க மீன் பெட்டியில இருக்கற ஐஸ் பார ஒடைச்சு தோல் மேல நேரா வச்சுட்டு வராங்க, தோல் வெந்து கொப்புளம் வந்துடுது, வேணாம்.

இப்ப முழங்கை. முட்டி மாதிரியே இதுக்கும் உள்பக்கம் ஒன்னு வெளிப்பக்கம் ஒன்னு, ஆனா அடி வாங்கற கதை வேற. கைய தொங்கவிட்டு உள்ளங்கைய முன்னாடி காட்டி நில்லுங்க, முன்கை நேரா இறங்காம கொஞ்சம் வெளிப்பக்கமா சாஞ்சு நிக்கும், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா, வாளி தூக்கிட்டு நடக்கும்போது தொடையில இடிக்காம போறதுக்கு அந்தச் சாய்வு உதவும். ஆனா பிறவியிலயே வெளிச்சாய்வு இருக்கறதால பாரம் எப்பவும் உள்பக்க கயித்துல விழுது. அந்த உள்பக்க லிகமென்ட்ல மூணு பட்டை, அதுல முன்பட்டைதான் முக்கியம், 30 டிகிரிலேந்து 120 டிகிரி வரைக்கும் கை மடங்கியிருக்கற நிலையில பக்கச் சாய்வ பெரும்பாலும் அதான் தாங்குது. ஏதாவது தூக்கி எறியும்போது கை சரியா அந்த நிலையிலதான் இருக்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துல டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடற பசங்கள பவுண்டரியிலேந்து எறியச் சொல்லி பாருங்க, கை பின்னால போய், தோள் முன்னால வந்துடும், முன்கை மட்டும் பின்தங்கி நிக்கும், அந்தக் கணத்துல முழங்கையோட உள்பக்கம் பிளக்கப் பாக்கும். அமெரிக்காவுல பேஸ்பால் எறியறவங்கள 1995ல அளந்து பாத்தாங்க, ஒரு எறியில முழங்கை தாங்க வேண்டிய முறுக்கு சுமார் 64 நியூட்டன் மீட்டர், ஆனா அந்த லிகமென்ட் தனியா தாங்கறது கிட்டத்தட்ட அதுல பாதிதான். மீதிய தாங்கறது முன்கை உள்பக்கத்து சதை. அதனால சதை களைச்சுப் போன பிறகு எறியற எறிதான் லிகமென்ட்ட தின்னும், ஒரே நாள்ல படார்னு அறுறத விட, கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு போறதுதான் அதிகம். மேட்ச் முடிஞ்ச அப்புறமும் சும்மா எறிஞ்சு விளையாடற சின்னப் பசங்கள நான் நிறுத்தச் சொல்றது இதனாலதான். புதுச்சேரியில பெத்தாங்னு இரும்பு குண்டு வீசற ஆட்டம் ஆடறவங்களுக்கு இந்தத் தொல்லை வர்றதில்ல, இரும்பு குண்டு கனமா இருந்தாலும் கை கீழேந்து ஊஞ்சல் மாதிரி வருது, முழங்கை பக்கவாட்டுல பிளக்கற வேலையே இல்ல. ஈட்டி எறியறவங்களுக்கு உண்டு, இந்தக் காயத்த முதல்ல எழுதி வச்சதே 1946ல, ஈட்டி எறியறவங்கள பாத்துதான்.

இந்த லிகமென்ட்டுக்கு பேர் வாங்கிக் கொடுத்தவர் டாமி ஜான்னு ஒரு பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து எறியறவர். 1974ல எறியும்போது அறுந்துடுச்சு, அதுவரைக்கும் அது அறுந்தா ஆட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதே வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி ஃப்ராங்க் ஜோப்ங்கற டாக்டர், அவரோட இன்னொரு கையிலேந்து ஒரு டெண்டன எடுத்து, எலும்புல ஓட்டை போட்டு அது வழியா கோத்து கட்டிவிட்டார். திரும்ப ஆட நூத்துல ஒரு வாய்ப்புதான்னு சொன்னவர் அவரேதான். 1976ல டாமி ஜான் திரும்ப வந்து, 1989 வரைக்கும் ஆடி, அதுக்கு அப்புறம் மட்டும் 164 மேட்ச் ஜெயிச்சார். எடுத்த டெண்டன் எதுன்னு உங்க கையிலயே பாக்கலாம், கட்டை விரலையும் சுண்டு விரலையும் நுனியோட நுனி சேத்து மணிக்கட்ட லேசா மடக்குங்க, மணிக்கட்டு நடுவுல ஒரு நாண் எழும்பி நிக்கும், பால்மாரிஸ்னு பேரு. சிலருக்கு எழும்பாது, பிறவியிலயே இல்லாதவங்க உண்டு, ஒரு கையில இருந்து இன்னொன்னுல இல்லாதவங்களும் உண்டு, அதனால கை பலம் ஒன்னும் குறைஞ்சு போறதில்ல, அதான் எடுத்து வேற எடத்துல கட்ட முடியுது.

வெளிப்பக்க கயிறு எறியறதுல போகாது, விழறதுல போகும். வண்டியிலேந்து விழும்போது உள்ளங்கைய தரையில ஊனுவோம், உடம்பு பாரம் முறுக்கிகிட்டே முழங்கை மேல இறங்கும், முதல்ல வெளிப்பக்க கட்டு அறும், அப்புறம் முன்னும் பின்னும் இருக்கற உறை, கடைசியா உள்பக்கம், இதுல கை மூட்டு பின்னாடி கழண்டுடும். முழுசா கழலாம வெளிப்பக்கம் மட்டும் தளந்து போனவங்களுக்கு, நாற்காலி கைப்பிடியில உள்ளங்கைய ஊனி எழுந்திரிக்கும்போது முழங்கை நழுவற மாதிரி ஒரு பயம் வரும், அதான் அடையாளம்.

என் கதை இதான். பத்தொன்பது வயசுல கடலூர் பாண்டி ரோட்டுல மணல் கொட்டிக் கிடந்த எடத்துல பைக் சறுக்கி, இடது முழங்கை கழண்டுச்சு. போட்ட எடத்துல மூட்ட சரியாதான் போட்டாங்க, எலும்பு எதுவும் ஒடையல. ஆனா மாவுக்கட்டு ஆறு வாரம் வச்சாங்க. பிரிச்சப்ப கை எல் எழுத்து மாதிரி நின்னுச்சு, நீட்டவும் வரல, மடக்கவும் வரல. வீட்டுல பயந்து போய் எண்ணெய் போட்டு உருவற ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவர் தினமும் கைய பிடிச்சு வலுக்கட்டாயமா நீட்டினார், நான் அழுதேன், வலிச்சாதான் பிரியும்னார். ரெண்டு மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தப்ப முழங்கை முன்பக்க சதைக்குள்ள வெள்ளையா எலும்பு வளந்து நின்னுச்சு. அடிபட்ட முழங்கைய உருவினா, வலுக்கட்டாயமா இழுத்தா சதைக்குள்ள எலும்பு கட்டலாம், மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு அதுக்குப் பேரு, படிக்கப் போன இடத்துல இந்தப் பாடம் வந்தப்பதான் எனக்கே விளங்குச்சு. எலும்பு ஒடையாத கழண்ட முழங்கைய மூட்டுல சேத்ததும் ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம் சிலாப்ல, அதாவது ஒரு பக்கம் மட்டும் போடற மாவுக்கட்டுல வச்சுட்டு, தானா மெதுவா அசைக்க ஆரம்பிக்கணும், மூணு வாரத்துக்கு மேல போனா இறுகற வாய்ப்பு ஏறிகிட்டே போகும். அந்த வயசுல இத சொல்ல எனக்கு யாரும் இல்ல. இன்னிக்கும் என் இடது கை கடைசி 35 டிகிரி நீளாது. தினசரி வேலைக்கு முழங்கை 30லேந்து 130 டிகிரி வரை அசைஞ்சா போதும்னு கணக்கு இருக்கு, எனக்கு அதுல கொஞ்சம்தான் குறையுது, அதனால சோறு பிசைய, சட்டை போட எல்லாம் முடியுது, ஆனா குனிஞ்சு பாதம் தேச்சுக் கழுவறப்ப இடது கை பத்தாது. முழங்கை அடிபட்ட யார் வந்தாலும் முதல் வாக்கியமா, யாரையும் உருவ விடாதீங்கன்னுதான் சொல்றேன்.

குழந்தைங்க முழங்கை பத்தி சொல்லாம விட முடியல. வெளிப்பக்க கட்டோட ஒரு பகுதி வளையம் மாதிரி, முன்கையில கட்டை விரல் பக்கம் இருக்கற ரேடியஸ் எலும்போட தலைய சுத்தி நிக்கும், கைய திருப்பும்போது எலும்பு அந்த வளையத்துக்குள்ள சுழலும். ஒன்னுலேந்து நாலு வயசு வரைக்கும் அந்த வளையம் எலும்போட இறுக்கமா ஒட்டியிருக்காது. கைய பிடிச்சு வெடுக்குனு இழுத்தா எலும்புத் தலை நழுவி, வளையத்தோட ஓரம் மூட்டுக்குள்ள சிக்கிக்கும். புதுச்சேரி பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, குடும்பம் குடும்பமா நடப்பாங்க, அப்பா ஒரு கை அம்மா ஒரு கை பிடிச்சு குழந்தைய ஊஞ்சல் ஆட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா மணிக்கட்டுல பிடிச்சு தூக்காதீங்க, அக்குள்ல கை கொடுத்து தூக்குங்க. இடது கைதான் அதிகமா மாட்டும், பெரியவங்க வலது கையால பிடிக்கறதால.

போன மாசம் காந்தி சிலை பக்கத்துல அப்படி ஒரு பாப்பா, ரெண்டு வயசு இருக்கும், இடது கைய கொஞ்சம் மடக்கி, உள்ளங்கை கீழ பாக்க, வயித்தோட ஒட்டி வச்சுகிட்டு உக்காந்திருந்துச்சு. கைய தொடாத வரைக்கும் அழல, அந்தக் கையால மட்டும் எதையும் வாங்கல. அவங்க அப்பா தேச்சு விடப் போனார், நான் போய், "அண்ணா, தேய்க்காதீங்க, வீக்கம் இல்ல பாருங்க, டாக்டர்கிட்ட போனா நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க"ன்னேன். வீக்கம் இருந்தா, கீழ விழுந்திருந்தா எலும்பு ஒடைஞ்சிருக்கலாம், அப்ப எக்ஸ்ரே இல்லாம யாரும் கை வைக்கக் கூடாதுன்னும் சொன்னேன். கூடவே போனேன். டியூட்டி டாக்டர் ஒரு கையால முழங்கைய தாங்கி, இன்னொரு கையால முன்கைய திருப்பினாங்க, க்ளிக்குனு லேசா ஒரு சத்தம், பாப்பா வீல்னு ஒரே ஒரு கத்து. அப்புறம் பத்து நிமிஷம் உக்கார வச்சாங்க. அவங்கம்மா பையிலேந்து சோளப்பொரி எடுத்து நீட்டினாங்க, வலது கைக்கு நீட்டல, இடது பக்கமாவே நீட்டினாங்க. பாப்பா அந்தக் கையாலயே வாங்கி வாயில போட்டுச்சு.